பழைய காமிராவின் ஷட்டர்: சோதித்தலும் சரிசெய்தலும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லைக் கிராமங்களில் பழைய வீடொன்றின் மரப்பெட்டியைத் திறந்து பார்த்தால், நிலப்பத்திரங்களுக்கும் திருமணப் பட்டுக்கும் அடியில் தோலுறை போட்ட காமிரா ஒன்று கிடைப்பது அரிதன்று. இலங்கைக்கும் மலேயாவுக்கும் சென்று திரும்பிய மூத்தோர் கொண்டுவந்தவை சில. பிற்காலத்தில் வளைகுடா நாடுகளிலிருந்து வந்தவை சில. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தார் செய்த ஆக்பா கிளிக் போன்ற எளிய காமிராக்கள் வேறு சில. பல்லாண்டுகளாக எவரும் தொடாத இக்கருவிகளை இப்போது இளைஞர் பலர் எடுத்துத் துடைத்துப் பார்க்கின்றனர். பிலிம் போட்டுப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்னும் ஆவல் அவர்களுக்கு எழுந்திருக்கிறது. வரவேற்கத்தக்க ஆவலே.

ஆனால் பிலிம் இன்று மலிவான பொருளன்று. 1960ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று, உதகமண்டலத்தில் 'இந்து' என்னும் பெயரில் பிலிம் செய்துவந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. இன்று நாம் வாங்கும் சுருள்கள் பெரும்பாலும் அயல்நாட்டிலிருந்து வருபவை. காமிராவைப் பொறுத்து ஒரு சுருளில் 8 படமோ, 12 படமோ, 36 படமோ எடுக்கலாம். அவை அத்தனையும் பாழாகிவிட்டால் பணம் மட்டுமா போகிறது? படமெடுத்த அந்த வேளையும் போய்விடுகிறது. ஆகவே பழைய காமிராவில் பிலிம் போடுவதற்கு முன்னர் அதன் ஷட்டர் சொன்ன சொல் தவறாமல் நடக்கிறதா என்று சோதித்தறிதல் இன்றியமையாதது. அதை எவ்வாறு சோதிப்பது, எதைச் சரிசெய்யலாம், எதில் கைவைக்கலாகாது என்பவற்றை இங்கே காண்போம்.

ஷட்டரின் பணி

நெய்யாறு அணையின் கதவுகளை நம் மக்கள் ஷட்டர் என்றே அழைக்கிறார்கள். மழைக்காலத்தில் 'ஷட்டர் திறந்துவிட்டார்கள்' என்னும் செய்தி கரையோர ஊர்களில் எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதை அறியாதவர் இல்லை. ஆற்றில் எவ்வளவு நீர் வரும் என்பது இரண்டைப் பொறுத்தது: கதவு எவ்வளவு அகலம் திறந்தது, எவ்வளவு நேரம் திறந்திருந்தது. காமிராவிலும் இதே கணக்குத்தான். லென்ஸின் துவாரம் எவ்வளவு அகலம் என்பது ஒன்று; ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் சேர்ந்தே பிலிமின்மேல் விழும் ஒளியின் அளவை முடிவு செய்கின்றன.

துவாரத்தின் அளவு கண்ணுக்குத் தெரியும், எளிதில் மாறிவிடாது. நேரமோ கண்ணுக்குத் தெரியாது. 1/125 வினாடிக்கும் 1/60 வினாடிக்கும் உள்ள வேறுபாட்டைக் கண் காணாது. பழகாத செவியும் உணராது. பிலிமுக்கோ அது இரு மடங்கு ஒளி. காமிராவின் வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணை நம்பித்தான் நாம் விரலை அழுத்துகிறோம். அந்த எண் அறுபது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தொழிற்சாலையில் பொறிக்கப்பட்டது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் எண்ணெயும் அதன் பின்னர் எத்தனை மழைக்காலங்களைக் கண்டிருக்கின்றன!

ஷட்டரை ஒரு சிறு கடிகாரம் என்று கொள்வது பிழையன்று. ஜெர்மனியில் மியூனிச் நகரத்து பிரீட்ரிக் டெக்கல் நிறுவனத்தார் 1912ஆம் ஆண்டில் வெளியிட்ட காம்பூர் ஷட்டரில், முன்பு காற்றழுத்தத்தால் நேரம் அளந்த முறையை நீக்கிக் கடிகாரத்தைப் போன்ற பல்சக்கரங்களை வைத்தனர். அப்பெயரின் பிற்பாதியான 'ஊர்' என்பதே ஜெர்மன் மொழியில் கடிகாரத்தைக் குறிக்கும் சொல்தான்.

அதற்கும் முற்பட்ட ஊமைப்படக் காமிராக்களில் அக்கடிகாரமும் இல்லை; ஒளிப்பதிவாளரின் கையே கடிகாரம். கைப்பிடியை வினாடிக்கு இரண்டு சுற்று என்னும் சீரில் சுற்றினால், சுற்றுக்கு 8 சட்டமாக வினாடிக்கு 16 சட்டங்கள் ஓடும். லென்ஸுக்குப் பின்னால் சுழலும் வட்டத்தகட்டின் சரிபாதி வெட்டப்பட்டிருந்தால் ஒவ்வொரு சட்டத்துக்கும் 1/32 வினாடி ஒளி கிடைக்கும். கை சற்றுத் தளர்ந்தால் படம் வெளுத்துவிடும், விரைந்தால் இருண்டுவிடும். நம் எல்லைப்புறத்துக்கு இது அயலான செய்தியன்று. மலையாளத்தின் முதற் படமான 'விகதகுமாரன்' என்னும் ஊமைப்படத்தை எடுத்த ஜே. சி. டேனியல் அகத்தீசுவரத்து மனிதர். அப்படம் திருவனந்தபுரத்தில் முதன்முதல் திரையிடப்பட்ட ஆண்டை 1928 என்று சிலரும் 1930 என்று சிலரும் கூறுவர். படத்தை இயக்கியவரும், காமிராவைக் கையாண்டவரும், முதன்மை வேடத்தில் நடித்தவரும் அவரே. அப்படத்தின் பிரதி ஒன்றேனும் இன்று எஞ்சவில்லை. இழந்த படத்தை எவராலும் மீண்டும் எடுக்க இயலாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று நமக்கு வேண்டுவதில்லை.

இரு வகை ஷட்டர்கள்

பழைய காமிராக்களில் பெரும்பாலும் இரண்டு வகை ஷட்டர்களைக் காணலாம். முதலாவது, இதழ் ஷட்டர். லென்ஸின் நடுவே மெல்லிய எஃகுத் தகடுகள் சில, பூவின் இதழ்களைப் போல அடுக்கப்பட்டிருக்கும். விரலை அழுத்தியதும் அவை நடுவிலிருந்து விரிந்து மீண்டும் கூடும். மடிப்புக் காமிராக்களிலும், ஸ்டுடியோக்காரர்கள் கழுத்தில் தொங்கவிட்ட யாஷிகா போன்ற இரட்டை லென்ஸ் காமிராக்களிலும் இவ்வகையே இருக்கும். விரைவான வேகங்களை ஸ்பிரிங்கின் விசை தருகிறது. 1 வினாடி, 1/2 வினாடி போன்ற மெதுவான வேகங்களை ஒரு சிறு பல்சக்கரத் தொகுதி தாமதப்படுத்தித் தருகிறது. மெதுவான வேகத்தில் 'கிர்' என்று கேட்கும் ஓசை அச்சக்கரங்களுடையது.

இரண்டாவது, திரை ஷட்டர். இது பிலிமுக்கு நேர்முன்னே இருப்பது. ரப்பர் பூசிய கருந்துணியாலான இரண்டு திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். முதல் திரை ஓடிப் பிலிமைத் திறக்க, இரண்டாம் திரை தொடர்ந்து ஓடி மூடும். விரைவான வேகங்களில் இரண்டுக்கும் இடையே ஒரு சிறு பிளவு மட்டுமே இருக்கும்; அப்பிளவு பிலிமைத் துடைத்துக்கொண்டு போவதுபோல் கடந்து செல்லும். 36 மில்லிமீட்டர் அகலமுள்ள சட்டத்தைத் திரை ஏறத்தாழ 1/60 வினாடியில் கடப்பதாகக் கொண்டால், 1/1000 வினாடிக்கு வேண்டிய பிளவு 2 மில்லிமீட்டரை ஒட்டியே வரும். ஒரு திரை மற்றொன்றைவிடச் சற்றுச் சோம்பினாலும் அப்பிளவு வழியில் விரியும் அல்லது குறுகும். படத்தின் ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் இருண்டு காணப்படுவது இதனாலேயே. பின்திரை முன்திரையை எட்டிப் பிடித்துவிட்டால் படத்தின் ஓர் ஓரம் முழுக் கருப்பாகவே வரும்.

நாம் செய்த பிழை

சரிபார்க்கும் முறைகளுக்குச் செல்லுமுன் நாம் செய்த பிழையொன்றைச் சொல்லிவிடுவது நலம். பிறர் அதைச் செய்யாதிருக்க உதவும். நம் வீட்டில் தாத்தா வாங்கிய மடிப்புக் காமிரா ஒன்று உண்டு; ஒரு சுருளுக்கு 8 படம். பாட்டியாரின் தொண்ணூறாவது பிறந்தநாளன்று, அவரை இளமையில் படமெடுத்த அதே காமிராவால் மீண்டும் படமெடுக்க விரும்பினோம். எடுத்துப் பார்த்தபோது ஷட்டரின் இதழ்கள் சோம்பித் திறந்தன. தையல் இயந்திர எண்ணெயை இரண்டு துளி விட்டோம். உடனே இதழ்கள் பளிச்சென்று இயங்கின. நம் கைத்திறனை நாமே மெச்சிக்கொண்டோம். மூன்றாம் நாள் எட்டுப் படங்களும் எடுத்தோம். கழுவிப் பார்த்தபோது நெகட்டிவ் எட்டும் அடுப்புக்கரிபோல் கருத்திருந்தன. எண்ணெய் இதழ்களின் இடையே பரவி ஒன்றோடொன்று ஒட்டச் செய்திருக்கிறது. மூடவேண்டிய ஷட்டர் மூடாமல் நின்றிருக்கிறது. வேறொரு நாள் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தோம். அந்த ஆடி மழையில் பாட்டியார் மறைந்துவிட்டார்.

பின்னர் பாறசாலைச் சந்தைப் பக்கம் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் முதியவர் ஒருவரிடம் காமிராவைக் காட்டினோம். அவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "சாரே, இதுக்கு எண்ணெய் விடப்பிடாது; உள்ள கிடக்கிற எண்ணெயை எடுக்கணும்" என்றார். ஷட்டரைப் பற்றி நூல்கள் பல பக்கங்களில் கூறுவதை அவர் ஒரே வரியில் கூறிவிட்டார். இதழ்கள் எண்ணெயின்றி உலர்ந்தே இயங்க வேண்டியவை.

பிலிமின்றிச் சோதித்தல்

முதற் சோதனைக்குப் பிலிம் வேண்டாம். காமிராவின் பின்கதவைத் திறந்து, லென்ஸை வெளிச்சமான வெண்சுவரை நோக்கிப் பிடியுங்கள். நேரே கதிரவனை நோக்கலாகாது. துவாரத்தை முழுதும் திறந்து வைத்து, ஒவ்வொரு வேகமாக அழுத்திப் பாருங்கள். இதழ்கள் முழுவதும் விரிகின்றனவா, ஒழுங்காகக் கூடுகின்றனவா, கூடியபின் நடுவில் பொட்டு வெளிச்சம் தெரிகிறதா என்று கவனியுங்கள். இதழ்களின்மேல் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் மின்னினால் அதுவே நோயின் அடையாளம்.

திரை ஷட்டராயின் இரவில் இருட்டறையில் லென்ஸைக் கழற்றிவிட்டு, முன்பக்கம் சிறு டார்ச்சு விளக்கை வைத்துப் பின்புறமிருந்து நோக்க வேண்டும். துணியில் ஊசித்துளை இருந்தால் விண்மீன்போல் தெரியும். மூடி போடாமல் வெயிலில் வைத்த காமிராக்களில் சிலவற்றில், லென்ஸே பூதக்கண்ணாடியாகித் திரையைச் சுட்டுவிடுவதுண்டு. துளையுள்ள காமிராவில் வேகத்தை அளந்து பயனில்லை. துணியைச் செப்பனிட்ட பின்னரே மற்றவை.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். பழைய காம்பூர் ஷட்டர்கள் சிலவற்றில் உச்ச வேகத்துக்கென்று தனி ஸ்பிரிங் உண்டு; ஆதலால் ஷட்டரை ஏற்றுவதற்கு முன்னரே அவ்வேகத்துக்கு வளையத்தைத் திருப்பிவிட வேண்டும். ஜோர்க்கி முதலிய ரஷ்யக் காமிராக்களிலோ இதற்கு மாறாக, பிலிமைச் சுற்றி ஷட்டரை ஏற்றிய பின்னரே வேகத்தை மாற்ற வேண்டும். உங்கள் காமிரா எவ்வகையது என்று அறிந்தபின் தொடுவது நல்லது. மேலும், நாமே படத்தில் இடம்பெறுவதற்கு உதவும் தாமத நெம்புகோலைப் பழைய காமிராவில் தொடாமலிருப்பதே அறிவுடைமை. அது பாதியில் நின்றுவிட்டால் ஷட்டர் முழுவதுமே பூட்டிக்கொள்ளும்.

நேரத்தை அளக்கும் வழிகள்

கண்ணும் செவியும் குறையைக் காட்டும், அளவைக் காட்டா. அளவு காண நான்கு வழிகளைக் கூறுவோம்.

முதலாவது, கைபேசி. இன்றைய கைபேசிகள் பலவற்றில் வினாடிக்கு 240 சட்டங்கள் எடுக்கும் வசதி உண்டு. காமிராவின் திறந்த பின்பக்கத்தை அதன்முன் வைத்து, வெளிச்சம் தெரியும் சட்டங்களை எண்ணுங்கள். 1/15 வினாடிக்கு 16 சட்டங்கள், 1/30 வினாடிக்கு 8 சட்டங்கள் வரவேண்டும். 1/60 வினாடிக்கு 4 சட்டங்களே. அங்கே ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கணக்கு நூற்றுக்கு இருபத்தைந்து பிசகிவிடும். ஆதலால் மெதுவான வேகங்களுக்கே இது ஏற்றது.

இரண்டாவது, கிராமபோன் தட்டு. இம்முறைக்கு ஒரு சுருள் பிலிம் செலவாகும். ஆயினும் இதைப்போல் தெளிவானது வேறில்லை. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் தட்டு, வினாடிக்குச் சரியாக 200 பாகை திரும்புகிறது. கருப்பு அட்டையில் நடுவிலிருந்து விளிம்புவரை வெள்ளைக்கோடு ஒன்று வரைந்து தட்டின்மேல் வைத்து, நேர்மேலிருந்து படமெடுங்கள். படத்தில் அக்கோடு விசிறியாக விரிந்திருக்கும். 1/2 வினாடிக்கு 100 பாகை, 1/10 வினாடிக்கு 20 பாகை, 1/25 வினாடிக்கு 8 பாகை. பாகைமானியை வைத்து அளந்து, கோட்டின் தடிப்பைக் கழித்துவிட்டால் உண்மை நேரம் கிடைத்துவிடும். ஆனால் அளக்கும் கோலையும் அளந்து பார்க்க வேண்டுமல்லவா? தட்டின் ஓரத்தில் ஓர் அடையாளமிட்டு எண்ணிப் பாருங்கள். 3 நிமிடத்தில் 100 சுற்று வந்தால் தட்டு நம்பத்தக்கது.

மூன்றாவது, படக்குழாய் கொண்ட பழைய தொலைக்காட்சிப் பெட்டி. நம் நாட்டில் வழங்கிய முறையில் அதன் திரையில் வினாடிக்கு 15,625 கோடுகள் மேலிருந்து கீழாக வரையப்படுகின்றன. 1/50 வினாடியில் திரை ஒருமுறை நிறையும். ஆகவே இதழ் ஷட்டரால் 1/125 வினாடியில் அத்திரையைப் படமெடுத்தால் 125 கோடுகள் கொண்ட ஒளிப்பட்டை தெரியும். அஃதாவது திரையின் ஐந்தில் இரண்டு பங்கு. 1/250 வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. பட்டை அதைவிட அகன்றிருந்தால் ஷட்டர் மெதுவாக ஓடுகிறது என்று பொருள். தட்டையான புதிய தொலைக்காட்சிகளில் இச்சோதனை பலிக்காது.

நான்காவது, மிகத் துல்லியமானது. ஒளி பட்டால் மின்னோட்டம் மாறும் சிறு டிரான்சிஸ்டர் ஒன்று மின்னணுப் பொருள் விற்கும் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். அதைக் கணிப்பொறி அல்லது கைபேசியின் ஒலிவாங்கித் துளையில் இணைத்து, ஷட்டரின் பின்னே வைத்து, முன்னே சீரான விளக்கொளியைப் பாய்ச்ச வேண்டும். மின்கலத்தால் எரியும் டார்ச்சே நல்லது. வீட்டு மின்விளக்குகள் துடிக்கும் இயல்புடையவை. ஷட்டர் திறந்ததும் மூடியதும் ஒலிப்பதிவில் இரண்டு மேடுகளாகத் தெரியும். வினாடிக்கு 44,100 புள்ளிகள் பதிவாகுமாதலால், 1/125 வினாடிக்கு ஏறத்தாழ 353 புள்ளிகளும் 1/500 வினாடிக்கு 88 புள்ளிகளும் இடைவெளி இருக்கும். திரை ஷட்டராயின் சட்டத்தின் தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்று இடங்களிலும் அளக்க வேண்டும். மூன்றும் ஒத்திருந்தால்தான் திரைகள் சீராக ஓடுகின்றன.

எண்களைப் படிக்கும் முறை

அளவு கிடைத்தபின் அதைப் பொருள்கொள்வதில்தான் பலரும் வழுக்கி விழுகின்றனர். பழைய ஷட்டர் எதுவும் பொறித்த எண்ணை அப்படியே காட்டுவதில்லை. ஸ்டாப் என்னும் அளவில் மூன்றில் ஒரு பங்கு பிசகினால் கவலையில்லை. அஃது ஏறக்குறைய நூற்றுக்கு இருபத்தைந்து. 1/125 எனப் பொறித்த வேகம் 1/100 முதல் 1/155 வரை எங்கு நின்றாலும் நெகட்டிவ் பிலிம் அதைப் பொறுத்துக்கொள்ளும். ஸ்லைடு பிலிமுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. இதழ் ஷட்டர்களின் உச்ச வேகமான 1/500, அளவில் சற்றுக் குறைந்தே தோன்றுவதும் இயல்பு. இதழ்கள் விரியவும் கூடவும் எடுக்கும் நேரமும் அதில் சேர்ந்துவிடுகிறது.

இனிச் சொல்லப்போவதே இக்கட்டுரையின் உயிர்நாடி. மெதுவான ஷட்டர் வேறு. நிலையற்ற ஷட்டர் வேறு. ஒரே வேகத்தை ஐந்து முறை அளந்து பாருங்கள். 1/250 எனப் பொறித்த இடத்தில் 4 மில்லிவினாடி வரவேண்டும். ஒரு காமிராவில் 5.8, 5.9, 6.0, 5.9, 5.8 என வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மற்றொன்றில் 4.1, 7.5, 5.0, 9.2, 4.4 என வருகிறது. இரண்டில் எது நல்லது? முதலாவதன் ஓர் எண்ணும் சரியில்லை. இரண்டாவதன் இரண்டு எண்கள் ஏறத்தாழச் சரியானவை. ஆயினும் முதலாவதே நல்ல ஷட்டர். அதன் உண்மை வேகம் 1/170 என்று அறிந்துவிட்டோம். துவாரத்தை அரை ஸ்டாப் சுருக்கிக்கொண்டால் படம் பிழையின்றி வரும். இரண்டாவதற்கு மாற்றுக்கணக்கே இல்லை. அடுத்த முறை அது என்ன செய்யும் என்பதை எவரும் சொல்ல இயலாது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இது புதிதன்று. ஒரு சொல்லுக்கு எப்போதும் ஒரே சொல்லைச் சற்றுப் பிசகாக இடும் பெயர்ப்பைத் திருத்துவது எளிது. இடத்துக்கு இடம் மாறுவதைத் திருத்துவது அரிது.

மற்றொரு நுட்பமும் உண்டு. சோதிப்பவர்கள் ஷட்டரைப் பத்துப் பதினைந்து முறை அழுத்தி, அது சூடுபிடித்தபின் வரும் எண்களை எழுதிக்கொண்டு மகிழ்கின்றனர். இறுகிய எண்ணெய் அவ்வாறு அசைக்கப்பட்டதும் தளர்ந்து, ஷட்டர் நலமுற்றதுபோல் நடிக்கும். ஆனால் நாம் படமெடுக்கும்போது நடப்பது என்ன? காமிரா ஒரு மணி நேரமோ ஒரு நாளோ சும்மா இருக்கிறது. பிறகு ஒருமுறை அழுத்துகிறோம். நாம் எடுக்கும் பெரும்பாலான படங்கள் ஓய்வுக்குப் பின்வரும் முதல் அழுத்தமே. ஆதலால் காலையில் முதன்முதல் அழுத்தும்போது வரும் அளவைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் ஐந்தாவது அளவும் ஒத்திருந்தால் ஷட்டர் நம்பத்தக்கது. முதலாவது மட்டும் மிகவும் நீண்டிருந்தால் உள்ளே அழுக்கு உண்டு என்பது உறுதி.

சரிசெய்தல்

சரிசெய்தல் என்றவுடன் திருப்புளியைத் தேடுதல் வேண்டா. முதலில் தூய்மை, பிறகு மறுசோதனை, அதற்குப் பிறகும் குறையிருந்தால்தான் திருகாணி.

இதழ் ஷட்டரின் சோம்பல் பெரும்பாலும் பழைய மசகு உருகி இதழ்களின்மேல் பரவியதால் வருவது. லென்ஸின் முன்பகுதியையும் பின்பகுதியையும் கழற்ற இயலுமாயின் கழற்றுங்கள். முன்லென்ஸைத் திருகித் தொலைவை அமைக்கும் வகையாயின், அது நின்ற இடத்தைக் கோடிட்டு வைத்துக்கொண்ட பின்னரே கழற்ற வேண்டும். இல்லையேல் தெளிவு பிசகிவிடும். சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோலைப் பஞ்சுக் குச்சியில் நனைத்து இதழ்களை மென்மையாக ஒற்றி எடுங்கள். ஷட்டரை இரண்டு மூன்று முறை இயக்கி, வெளிவரும் அழுக்கைப் புதுப் பஞ்சால் துடையுங்கள். பஞ்சில் கறை வராதவரை இதைத் தொடர வேண்டும். மண்ணெண்ணெய் உதவாது, அது தானே ஒரு பிசுக்கை விட்டுச் செல்லும். இப்பெட்ரோல் எளிதில் தீப்பற்றுவது. சன்னல்களைத் திறந்து வைத்து, அடுப்புக்கும் விளக்குக்கும் தொலைவில் அமர்ந்து இதைச் செய்க. நனைந்த இதழ்கள் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை; நன்கு உலர்ந்த பின்னர், மறுநாள் அளப்பதே முறை.

இதன்பின் விரைவான வேகங்கள் சரியாகி, 1 வினாடி, 1/2 வினாடி மட்டும் நீள்கின்றன என்றால் பல்சக்கரத் தொகுதியில் அழுக்கு இருக்கிறது. அதையும் கழுவி, அச்சு முனைகளில் மட்டும் ஊசி முனையளவு கைக்கடிகார எண்ணெய் இடலாம். ஷட்டரின் உள்ளே எண்ணெய்க்கு உரிய மிகச் சில இடங்களுள் இஃது ஒன்று. அத்தொகுதியைப் பிடித்திருக்கும் திருகாணிகளைச் சிறிது தளர்த்தி உள்ளே நகர்த்தினால் நேரம் நீளும். வெளியே நகர்த்தினால் குறையும். இது கடிகாரக்காரரின் கைக்கு உரிய பணி. ஸ்பிரிங்கை இழுத்தோ வளைத்தோ வேகம் கூட்ட முயலுதல் கூடாது.

திரை ஷட்டரில் ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி ஸ்பிரிங் உருளை உண்டு. பெரும்பாலும் காமிராவின் அடித்தகட்டைக் கழற்றினால் அவற்றின் இழுவையை மாற்றும் திருகுகள் தெரியும். வேகம் குறைந்ததென்று கண்டவுடன் அவற்றை முறுக்கிவிடுவதே பலரும் செய்யும் தவறு. களைத்த மாட்டைச் சாட்டையால் அடித்து ஓட்டுவதற்கு ஒப்பானது அது. சில நாள் ஓடும். பிறகு துணி கிழியும் அல்லது நாடா அறும். உருளைகளின் முனைகளைத் தூய்மை செய்த பின்னும் குறை நீங்காவிடில், திருகின் முந்தைய நிலையைக் குறித்துக்கொண்டு, மிகச் சிறிதளவே திருப்பி, ஒவ்வொரு முறையும் அளந்து பார்க்க வேண்டும். முதலில் இரு திரைகளும் சட்டத்தை ஒரே நேரத்தில் கடக்கும்படி செய்க. அதன் பின்னர் உச்ச வேகத்தின் பிளவைப் பார்க்க. மெதுவான வேகங்களைக் கடைசியில் கவனிக்க. இவ்வரிசையை மாற்றினால் ஒன்றைத் திருத்த மற்றொன்று கெடும். துணி விறைத்து வெடித்திருந்தால் புதுத் திரை போடுவதன்றி வேறு வழியில்லை; அது தேர்ந்த வினைஞருக்கு உரியது.

பாதுகாப்பு

நம் எல்லைப்புறத்தில் இடவப்பாதியும் துலாவர்ஷமும் என இரண்டு மழைக்காலங்கள். காற்றில் ஈரம் நீங்குவதே அரிது. தோலுறை பார்வைக்கு அழகு. ஆனால் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு பூஞ்சைக்கு வீடாகும். காமிராவை உறையினின்று நீக்கி, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். ஷட்டரை ஏற்றிய நிலையில் நாட்கணக்கில் விடாதீர்கள், ஸ்பிரிங் தளர்ந்துவிடும். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து, எல்லா வேகங்களிலும் சில முறை இயக்கி வைப்பது நல்ல பழக்கம்.

நம் வீட்டு மடிப்புக் காமிராவின் கதையை முடித்துவிடுவோம். கடிகாரக்காரர் எண்ணெயை முழுதும் நீக்கித் தந்த பின்னர் ஒவ்வொரு வேகத்தையும் ஐந்தைந்து முறை அளந்தோம். 1/100 எனப் பொறித்த இடம் 1/62 ஆகவும், 1/25 என்பது 1/17 ஆகவும், 1 வினாடி என்பது 1.3 வினாடியாகவும் நின்றன. காலையிலும் மாலையிலும், முதல் அழுத்தத்திலும் ஐந்தாம் அழுத்தத்திலும் அவை மாறவில்லை. இனித் திருகாணி எதையும் தொட வேண்டா என்று முடிவு செய்தோம். ஒரு சிறு காகிதத்தில் இடப்பக்கம் பொறித்த எண்ணையும் வலப்பக்கம் உண்மை எண்ணையும் எழுதிக் காமிராவின் பின்கதவின் வெளிப்புறத்தில் ஒட்டினோம். அதன்பின் எடுத்த எட்டுப் படங்களும் தெளிவாக வந்தன.

பாட்டியாரின் படம் அவற்றுள் இல்லை. அதை நினைத்தே இதை எழுதினோம். உங்கள் வீட்டில் மூத்தோர் இருக்கிறார்கள். பழைய காமிராவும் இருக்கிறது. ஏதோ ஒரு நாள் நெருங்கிக்கொண்டிருக்கிறது என்றால், அந்நாளுக்கு ஒரு வாரம் முன்பே ஷட்டரை அளந்து பாருங்கள்.